சேதநிலைக்குக் கீழே

செடியை விரிப்பின் பக்கம் சாய்த்துக்
குச்சியால் பத்துத் தட்டு.
மஞ்சள் தார்ப்பாயில் விழுவதை எண்ணு.
என் உத்தியோகம் என்னவென்று யாராவது கேட்டால்
இருபத்தேழு வருஷமும் இவ்வளவுதான்,
மிச்சமெல்லாம் கூட்டம்.

டால்பிக்கு மேற்கே கரிசல்
எல்லா ஊர்க் கரிசலையும் போலத்தான்:
காய்ந்தால் பாளம் பாளமாய் வெடிக்கும்,
நனைந்தால் டிராக்டரை விழுங்கும்.
கொண்டைக்கடலை இலையில் ஊறும் புளிப்பு
என் மூன்று ஜோடித் தோல் பூட்ஸைத் தின்றிருக்கிறது.
அதைப் பூச்சிக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கு எளிது.
சதுர மீட்டருக்கு ஒரு காய்ப்புழு என்றால்
ஹெக்டேருக்கு இருபது கிலோ நஷ்டம்.
கடலை என்ன விலை, மருந்து என்ன விலை,
விமானத்துக்கு என்ன வாடகை,
வகுத்தால் வருவது ஒரு கோடு.
அதற்கு மேலே போனால் அடி. கீழே என்றால் சும்மா இரு.
சும்மா இருக்கச் சொல்லிக்கொடுக்கத்தான்
அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது.

ராய்ஸ் கெல்லர்மன் வயலில் அந்தச் செப்டம்பரில்
கோட்டுக்கு ஒரு புழு குறைவு.
பாதிப் புழுக்கள் மந்தமாய் இருந்தன;
ஒன்றின் உடம்போடு ஒட்டி
நொய்யரிசி அளவில் ஒரு குளவிக்கூடு.
'மூன்று நாள் பொறுங்கள், குளவி வேலை செய்கிறது' என்றேன்.
அவர் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு,
விமானிக்குப் போன் செய்து வேண்டாம் என்றார்.

மறுநாள் மழை.
அதற்கு மறுநாளும்.
ஒன்பது நாள் விமானம் எழவில்லை.
காயின் பக்கவாட்டில் வட்டமாய்த் துளை,
துளைக்குள் தலை, வெளியே மிச்ச உடம்பு.
மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

போகாமல் இருந்திருக்கலாம்.
ஆலோசனைத் தாளின் அடியில் சின்ன எழுத்தில்
'துறை பொறுப்பேற்காது' என்று இருக்கிறது.
அந்த வரியை எழுதியதே நான்தான்.
போனேன். கேட்டுக்கு முன்னால் கார் சேற்றில் மாட்டி
அவரே வந்து இழுத்துவிட வேண்டியதாயிற்று.
'தப்பு என்னுடையது' என்றேன்.
'எண்ணினது சரிதானே?'
'சரிதான்.'
'குளவி?'
'மழையில் பறக்காது.'
சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார்.
'மழையை எண்ணவில்லை நீ.'
அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் மண்டபத்தில் நூற்றுப்பத்துப் பேர்.
அறுவடை முடிந்ததும் பருத்திக் கட்டையை உழுதுவிட வேண்டும்,
மண்ணுக்குள் தூங்கும் கூட்டுப்புழுவை
எல்லோரும் சேர்ந்து கிளற வேண்டும்,
ஒருவர் விட்டாலும் அந்துப்பூச்சி வேலி பார்க்காது.
சொல்லி முடிக்குமுன் பின்வரிசையில் ஒரு குரல்:
'இவங்க யோசனை எப்படியென்று கெல்லர்மனைக் கேளுங்களேன்.'
சிரிப்பு.
ராய்ஸ் எழுந்தார்.
'தப்பாத்தான் சொன்னா. தப்புன்னு வந்து சொன்னதும் அவதான்.
மருந்துக் கம்பெனிக்காரன் முப்பது வருஷமா
ஒரு தடவைகூடத் தப்பாச் சொன்னதில்ல.'
உட்கார்ந்துவிட்டார்.
நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.
ராய்ஸ் போடவில்லை. பேனா இல்லையாம்.

பிறகு துவும்பா, மாடி அறை,
பதினான்கு ஆட்கள், நான்கு மாவட்டம்,
பயணப்படி, எக்செல் கட்டங்கள்.
பட்ஜெட் இறுகிய வருஷம் மூன்று பேரை எடுக்கச் சொன்னார்கள்.
அங்கேயும் ஒரு கோடு இருந்தது.
யார் வகுத்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.
ஹெலனா மேசையைக் காலி செய்துவிட்டுப் போன சாயந்திரம்
அவள் சேகரித்த முட்டைகளிலிருந்து
ஒட்டுண்ணிக் குளவிகள்
கண்ணாடிக் குழாய்களில் இன்னும் வெளிவந்துகொண்டிருந்தன,
கண்ணுக்குத் தூசி போல.
யாரிடம் கொடுப்பதென்று புரியாமல்
ஜன்னலைத் திறந்தேன்.

நேற்று யாரிடமும் சொல்லாமல்
விரிப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
ராய்ஸின் மகள் டிரோனை இறக்கிவிட்டுக் கையாட்டினாள்.
பத்துத் தட்டு.
ஏதேதோ விழுந்தது, நெளிந்தது.
எண்ணுவதற்கு முன்னால் மேற்கே பார்த்தேன்.
ஒன்றுமில்லை, வெயில்தான்.
புது பூட்ஸ்
அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.